ஒற்றைச் செல் உயிர்கள் ஏன் உடம்பு கட்டின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமியில் உயிர் இருந்ததற்கான தெளிவான தடயங்கள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. அந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதியில் உயிர் என்றாலே கண்ணுக்குத் தெரியாத தனிச் செல்கள்தான். பிறகு சில கிளைகள் மட்டும் பாசியாகவும் காளானாகவும் மரமாகவும் விலங்காகவும் உடம்பெடுத்தன. இது எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்பவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்கள் ஒன்று சேர்வது அவ்வளவு கடினமான காரியம் இல்லை. சேர்ந்தபின் கலையாமல், ஒன்றையொன்று ஏமாற்றாமல் இருப்பதுதான் கடினம். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

உயிருக்கு "முன்னேற வேண்டும்" என்ற நோக்கம் ஏதாவது இருந்ததா?

இல்லை. ஒரு மாற்றம் நிலைக்க வேண்டுமானால், அது தோன்றிய காலத்திலேயே பலன் தர வேண்டும். குறைந்தபட்சம் பெரிய கெடுதல் செய்யாமலாவது இருக்க வேண்டும். பல கோடி ஆண்டுகள் கழித்துக் கண்ணும் மூளையும் வரப்போகின்றன என்பதற்காக இயற்கைத் தேர்வு எதையும் எடுத்து வைத்துக்கொள்ளாது.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்பது நல்லது. இரண்டு, நான்கு, எட்டு என்று ஒட்டிக்கிடந்த ஒரு சின்னச் செல் கூட்டத்துக்கு, தனியாகத் திரிந்த செல்லைவிட அன்றைக்கு என்ன சாதகம் கிடைத்தது? இப்படிக் கேட்டால் பதில் தேடலாம். சில பதில்களைச் சோதனைக்கூடத்திலேயே பார்த்தும் இருக்கிறார்கள்.

இது ஒரே ஒரு முறை நடந்த அதிசயமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில், செல்கள் சேர்ந்து வாழும் முறை வெவ்வேறு கிளைகளில் குறைந்தது 25 முறை தனித்தனியாகத் தோன்றியிருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பாக்டீரியாக்களிலும் நடந்திருக்கிறது. பச்சைப்பாசி, சிவப்புப்பாசி, பழுப்புப்பாசி, பூஞ்சை, விலங்கு என்று ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத கிளைகளிலும் நடந்திருக்கிறது.

ஆனால் பலவகைத் திசுக்கள் கொண்ட, உணவையும் ஆக்சிஜனையும் உள்ளே கொண்டுபோகும் வழிகள் கொண்ட சிக்கலான உடம்பு என்று வந்தால் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடுகிறது. விலங்குகள், நிலத் தாவரங்கள், சிவப்புப்பாசியில் ஒரு பிரிவு, பழுப்புப்பாசியில் ஒரு பிரிவு, பூஞ்சைகளில் இரண்டு பிரிவுகள் என்று ஆறு கிளைகளைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள்.

25-க்கும் 6-க்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூட்டம் சேர்வது பலமுறை நடக்கிறது. அந்தக் கூட்டம் உடம்பாவது அரிதாகவே நடக்கிறது.

எப்போது நடந்தது?

வடக்குச் சீனாவில் கிடைத்த சிங்ஷானியா என்ற இழை வடிவப் புதைபடிவம் சுமார் 163 கோடி ஆண்டுகள் பழமையானது. உட்கரு உள்ள செல்கள் வரிசையாக ஒட்டிய உயிர் அது. கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் கிடைத்த பேங்கியோமார்ஃபா ஏறத்தாழ 105 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அது இன்றைய சிவப்புப்பாசி ஒன்றை அப்படியே ஒத்திருக்கிறது. பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு பகுதி, மேலே எழும் இழை, இனப்பெருக்கத்துக்கான செல்கள் என்று வேலைப் பங்கீடும் அதில் தெரிகிறது. கண்ணால் பார்க்கக்கூடிய பெரிய, சிக்கலான உடல்கள் பரவலாகத் தென்படுவது எடியாகரன் காலத்தில், அதாவது சுமார் 57.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஏறத்தாழ 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் கேம்பிரியன் காலம் தொடங்கிய பிறகு விலங்கு வகைகள் வேகமாகப் பெருகின.

சேர்ந்து வாழ்ந்த முதல் இழைகளுக்கும் முதல் பெரிய விலங்குகளுக்கும் நடுவே நூறு கோடி ஆண்டுகள் போயிருக்கின்றன.

பெரிதாவதுதான் லாபம் என்றால் ஒரே செல் பெரிதாக வளர்ந்திருக்கலாமே?

ஓரளவு வரை வளரலாம். கௌலெர்பா என்ற கடற்பாசி ஒரே செல்லாக இருந்துகொண்டே இலை, தண்டு போன்ற வடிவங்களோடு நீளமாகப் படர்கிறது. கரீபியன் தீவான குவாடலூப்பின் சதுப்புநிலத்தில் கண்டெடுத்து 2022-இல் விவரிக்கப்பட்ட தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா என்ற பாக்டீரியா ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. ஆனால் இவையெல்லாம் விதிவிலக்குகள்.

பொது விதியைத் தீர்மானிப்பது இயற்பியல். செல்லுக்குள் ஆக்சிஜனும் உணவு மூலக்கூறுகளும் பெரும்பாலும் தாமாகப் பரவித்தான் போய்ச் சேர்கின்றன. இப்படிப் பரவ ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. தண்ணீரில் ஆக்சிஜன் ஒரு மைக்ரோமீட்டர் பரவ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதுவே ஒரு மில்லிமீட்டர் என்றால் சில நிமிடங்கள், ஒரு சென்டிமீட்டர் என்றால் பல மணி நேரம். அதோடு செல் பெருக்கப் பெருக்க அதன் கன அளவு ஏறும் வேகத்துக்கு மேற்பரப்பு ஏறாது. உள்ளே தேவை கூடும், வாங்கும் வாசல் போதாது.

சின்னச் சின்னச் செல்களாகப் பிரிந்து, அதேசமயம் ஒட்டியும் இருந்தால் இந்தச் சிக்கலை ஓரளவு தவிர்க்கலாம். இடையில் நீர் ஓட இடம் விடலாம், உள்ளீடற்ற உருண்டையாகலாம், மெல்லிய தகடாகலாம். இன்னொரு வசதியும் உண்டு. ஒரே பெரிய செல்லில் கிழிசல் விழுந்தால் மொத்தமும் ஆபத்து. ஆயிரம் செல் கூட்டத்தில் பத்துச் செத்தாலும் மீதி பிழைத்துக்கொள்ளும்.

சேர்ந்திருப்பதால் அன்றைக்குக் கிடைத்த லாபம் என்ன?

ஒரே காரணத்தைத் தேடுவது வீண். வெவ்வேறு கிளைகளுக்கு வெவ்வேறு காரணங்கள் இருந்திருக்கும். ஆனாலும் அடிக்கடி எதிர்ப்படுவது, விழுங்கப்படாமல் தப்பிப்பது. நுண்ணுயிர் உலகில் வேட்டையாடும் செல்கள் இரையை முழுதாக விழுங்குகின்றன. வாயைவிடப் பெரிய இரையை அவற்றால் விழுங்க முடியாது.

1998-இல் வெளியான ஒரு சோதனையில் குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பாசியோடு, அதைத் தின்னும் கசையிழை உயிர் (சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச் செல் உயிர்) ஒன்றைச் சேர்த்து வளர்த்தார்கள். நூறு தலைமுறைக்குள் பாசி கொத்துக் கொத்தாக மாறியது. முதலில் நூற்றுக்கணக்கான செல்கள் கொண்ட பெருங்கொத்துகள் இருந்தன. போகப் போக எட்டுச் செல் கொத்து நிலைபெற்றது. விழுங்க முடியாத அளவுக்குப் பெரியது, ஒவ்வொரு செல்லுக்கும் ஒளியும் உணவும் கிடைக்கும் அளவுக்குச் சிறியது. 2019-இல் வந்த இன்னொரு ஆய்வில் கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசியை, அதைத் தின்னும் பாராமீசியம் என்ற இன்னொரு ஒற்றைச் செல் உயிரோடு சுமார் 50 வாரம் வளர்த்தார்கள். தனித்தனியாக வளர்த்த ஐந்து தொகுப்புகளில் இரண்டு, பலசெல் வடிவத்துக்கு மாறிவிட்டன. பாராமீசியத்தை அகற்றிய பிறகும் அந்த வடிவம் மறையவில்லை.

உணவு இன்னொரு காரணம். ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சை, சர்க்கரையை உடைக்கும் நொதியை வெளியே அனுப்புகிறது. உடைந்து வரும் குளுக்கோஸில் பெரும்பங்கு தண்ணீரோடு கலந்து போய்விடும். கொத்தாக இருந்தால் ஒரு செல் தவறவிட்டதைப் பக்கத்துச் செல் எடுத்துக்கொள்ளும். சர்க்கரை மிகக் குறைவாக உள்ள இடத்தில் தனி ஈஸ்ட் செல் பட்டினி கிடக்க, கொத்து வளர்வதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது காரணம் நீச்சல். பல கசையிழை உயிர்களில், கசையிழையின் அடியில் இருக்கும் நுண்ணுறுப்பு செல் பிரிவதற்கும் வேண்டியிருக்கிறது. ஒரு செல் நீந்தலாம் அல்லது பிரியலாம், ஒரே நேரத்தில் இரண்டும் செய்வது சிரமம். கூட்டமாக இருந்தால் சில செல்கள் நீந்த, மற்றவை பிரியலாம். வேலைப் பங்கீட்டுக்கு இது நல்ல தொடக்கமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இந்த மாற்றத்தை யாராவது கண்ணெதிரே பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். வில்லியம் ராட்கிளிஃப், மைக்கேல் டிராவிசானோ ஆகிய உயிரியலாளர்கள் 2012-இல் வெளியிட்ட சோதனை மிக எளிமையானது. சாதாரண ஈஸ்ட்டைத் திரவத்தில் வளர்த்து, கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, அடியில் படிந்ததை மட்டும் எடுத்து மறுநாளைக்கு விதைத்தார்கள். சீக்கிரம் அடியில் படியும் செல்லுக்கே வாழ்வு. கொத்தாக இருந்தால் வேகமாகப் படியும். 60 நாளில், சோதித்த பத்துக் குழாய்களிலும் பனிப்படிகம் போலக் கிளைத்த கொத்துகள் வந்துவிட்டன. பின்னர் ஆராய்ந்தபோது, ஏஸ்2 என்ற மரபணு பழுதானாலே தாயும் சேயும் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மரபணு கெட்டது, அவ்வளவுதான்.

அதே சோதனையைத் தொடர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. சுமார் 3,000 தலைமுறைகளுக்குப் பிறகு சில கொத்துகள் ஆரம்ப அளவைப்போல 20,000 மடங்கு பெருத்து, வெறும் கண்ணுக்கே தெரிந்தன. செல்கள் நீண்டு, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எளிதில் உடையாத பொருளாகிவிட்டன.

ஈஸ்ட்டின் முன்னோர்களே பலசெல் பூஞ்சைகள்தான், அந்தப் பழைய வழக்கம்தான் திரும்பியிருக்கும் என்று சிலர் ஆட்சேபித்தார்கள். நியாயமான ஆட்சேபம். ஆனால் அப்படிப்பட்ட முன்னோர் இல்லாத கிளாமிடோமோனாஸும் கொத்தாக மாறியதை மேலே பார்த்தோம்.

எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரிதான் உருவாகிறதா?

இல்லை. இரண்டு வழிகள் உண்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது.

முதல் வழி, ஒரு செல் பிரிந்து பிரிந்து, பிரிந்தவை விலகாமல் அங்கேயே இருப்பது. நம் உடம்பு இப்படித்தான் உருவாகிறது. தாவரங்களும் இப்படியே. இரண்டாவது வழி, தனித்தனியாகத் திரியும் செல்கள் தேவைப்படும்போது ஓடிவந்து கூடுவது.

இரண்டாம் வழிக்கு டிக்டியோஸ்டீலியம் என்ற மண்வாழ் அமீபா நல்ல உதாரணம். பாக்டீரியாக்களைத் தின்று தனியே வாழும். உணவு தீர்ந்ததும் ஒரு வேதிச் சமிக்ஞையை வெளியிடும். பல்லாயிரம் செல்கள் அதைப் பின்பற்றி ஒரே இடத்தில் கூடி, ஒரு சிறு புழுவைப் போல ஊர்ந்து, பிறகு மெல்லிய தண்டாக நின்று, உச்சியில் வித்துகளைத் தாங்கும். அந்தத் தண்டாக மாறும் செல்கள், மொத்தத்தில் சுமார் 20 சதவீதம், செத்துப்போகின்றன. உச்சியில் உள்ளவை மட்டும் அடுத்த தலைமுறையைக் காணும்.

இங்கேதான் பிரச்சினை. கூடும் செல்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு ரகம் தண்டாகாமல் நழுவி, எப்போதும் வித்துப் பக்கமே போய்ச் சேர்ந்தால்? அப்படிப்பட்ட மோசடி ரகங்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மற்றவற்றோடு கலந்தால் அவை தம் பங்குக்கு மேல் வித்துகளைப் பெறுகின்றன. அவற்றில் ஒன்றைத் தனியாக வளர்த்தால் ஒழுங்கான தண்டும் வித்தும் எழுப்பவே முடிவதில்லை. உழைக்கும் செல்கள் பக்கத்தில் இருக்கும்வரைதான் அதற்கு வாழ்வு.

ஓடிவந்து கூடும் வழியில் எந்தக் கிளையும் பெரிய, சிக்கலான உடம்பைக் கட்டவில்லை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனப்பெருக்கத்தையே விட்டுக்கொடுக்கச் சில செல்கள் எப்படிச் சம்மதித்தன?

இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான். உங்கள் தோல் செல், நரம்புச் செல், ரத்தச் செல் எதுவும் அடுத்த தலைமுறைக்குப் போகாது. கருமுட்டைக்கும் விந்தணுவுக்கும் வழிவிடும் செல்களுக்கு மட்டுமே அந்த வாய்ப்பு. இயற்கைத் தேர்வு தன்னைப் பெருக்குபவர்களுக்குச் சாதகமானது என்றால், இத்தனை செல்கள் ஒதுங்கி நிற்பது எப்படி?

விடை உறவில் இருக்கிறது. 1964-இல் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் இதைக் கணித வடிவில் காட்டினார். ஒரு மரபணு தன்னைப் பெருக்கிக்கொள்ள, தான் இருக்கும் உயிரை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. அதே மரபணு உள்ள நெருங்கிய உறவுக்கு உதவினாலும் அதன் பிரதிகள் பெருகும். ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த செல்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே மரபணுத் தொகுதி. தோல் செல் செத்தாலும், அது காப்பாற்றிய கருமுட்டைச் செல் வழியாக அதே மரபணுக்கள் தொடர்கின்றன.

அதனால்தான் யானையானாலும் ஆலமரமானாலும் ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி ஒரே செல்லிலிருந்து தொடங்குவது அவ்வளவு முக்கியம். அந்த ஒற்றைச் செல் கட்டம் ஒரு வடிகட்டி. முந்தைய உடம்பில் ஏமாற்றும் செல்கள் ஏதாவது முளைத்திருந்தாலும், அவை நல்ல செல்களோடு கலந்து ஒளிந்துகொண்டு அடுத்த உடம்புக்குள் போக முடியாது. மோசடி மரபணு உள்ள செல் ஒரு புது உடம்பைத் தொடங்கினால் அந்த உடம்பு முழுக்க மோசடிச் செல்களாகவே இருக்கும். ஏய்க்க ஆள் கிடைக்காது, உடம்பும் நிற்காது.

இந்த வேலைப் பங்கீடு தொடங்கும் இடத்தை இன்றும் பார்க்கலாம். வால்வாக்ஸ் என்ற பச்சைப்பாசியின் ஒரு வகையில் சுமார் 2,000 சிறு செல்கள் உருண்டையின் வெளிப்புறம் நின்று நீந்துகின்றன. உள்ளே அதிகபட்சம் 16 பெரிய செல்கள் இனப்பெருக்கம் செய்கின்றன. மொத்தம் இரண்டே வகைச் செல். சிறு செல்களைப் பெருகவிடாமல் தடுப்பது ரெக்ஏ என்ற மரபணு. அது பழுதானால் நீந்த வேண்டிய செல்கள் பெரிதாகி, கசையிழையை இழந்து, தாமும் பிரியத் தொடங்குகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ரெக்ஏவுக்கு நெருங்கிய மரபணு, வால்வாக்ஸின் ஒற்றைச் செல் உறவான கிளாமிடோமோனாஸிலும் இருக்கிறது. அங்கே ஒளியோ உணவோ குறையும்போது வளர்ச்சியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஏற்பாட்டில் அதற்குப் பங்கு உண்டு. "இப்போது கஷ்ட காலம், கொஞ்சம் பொறு" என்று காலத்தை வைத்து இயங்கிய ஒரு கட்டளையை, "நீ வெளிப்புறம் இருக்கிறாய், பெருகாதே" என்று இடத்தை வைத்து இயங்குவதாகப் பரிணாமம் மாற்றிக்கொண்டிருக்கிறது.

பாதி வழியில் நிற்கும் உயிர்கள் உண்டா? இடைநிலைகள் பயனற்றவை என்கிறார்களே?

வால்வாக்ஸின் உறவினர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கிளாமிடோமோனாஸ் தனிச் செல். கோனியம் பெரும்பாலும் 8 அல்லது 16 செல்கள் கொண்ட தட்டு. யூடோரினா பொதுவாக 32 செல்கள் வரையிலான உருண்டை, எல்லாச் செல்லும் ஒரே வேலை. பிளியோடோரினாவில் சில செல்கள் மட்டும் பெருகாமல் நின்றுவிடுகின்றன. பிறகு வால்வாக்ஸ். ஒன்று மற்றொன்றின் பாட்டன் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எல்லாம் இன்றைக்கும் குளங்களில் வாழும் உயிர்கள். ஒவ்வொரு படியும் தன்னளவில் பிழைக்கத் தகுந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. மனித உடம்பில் சுமார் 30 லட்சம் கோடிச் செல்கள் இருக்கின்றன. கருமுட்டை ஒன்றுதான் என்றாலும், பிரியும் ஒவ்வொரு முறையும் மரபணுவில் சிறு பிழைகள் நுழைகின்றன. ஏதோ ஒரு செல்லில், "பெருகாதே", "பழுதானால் செத்துவிடு", "உன் இடத்தை விட்டு நகராதே" போன்ற கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துபோனால், அந்தச் செல் மறுபடி தனக்காக வாழத் தொடங்குகிறது. அதுதான் புற்று. புற்றுநோயில் சம்பந்தப்பட்ட மரபணுக்களின் வயதை ஆராய்ந்தபோது, அவற்றில் கணிசமானவை பலசெல் வாழ்வு தோன்றிய காலத்தை ஒட்டி உருவானவை என்று தெரியவந்தது. கூட்டைக் காக்க வந்த மரபணுக்கள் கெட்டால் கூடு குலைகிறது.

காவல் ஏற்பாடுகள் எவ்வளவு ஆழமானவை என்பதற்கு இரண்டு உதாரணங்கள். சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற சிறு புழு வளரும்போது 1,090 உடற்செல்கள் உண்டாகி, அவற்றில் சரியாக 131 செல்கள் திட்டமிட்டபடி செத்துவிடும். மீதி 959. செல்கள் இப்படிக் கட்டளைப்படி சாவதைக் கண்டறிந்ததற்காக 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது யானை. இவ்வளவு பெரிய உடம்பில் புற்று அதிகம் வர வேண்டும், வருவதில்லை. பழுதான செல்களை நிறுத்தவோ சாகடிக்கவோ செய்யும் பி53 புரதத்துக்கான மரபணு நமக்கு ஒரு ஜோடிதான். யானையிடம் அதற்கு சுமார் 20 பிரதிகள் இருக்கின்றன. யானையின் பாதுகாப்புக்கு இது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

உடம்பு கட்ட ஏராளமான புதிய மரபணுக்கள் தேவைப்பட்டனவா?

எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. வால்வாக்ஸின் மரபணுத் தொகுதியை 2010-இல் கிளாமிடோமோனாஸோடு ஒப்பிட்டபோது மரபணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ சமமாகவே இருந்தது.

விலங்குகள் கதையும் அப்படித்தான். நமக்கு மிக நெருங்கிய ஒற்றைச் செல் உறவு கொயனோஃபிளஜெல்லேட்டுகள். ஒரு கசையிழை, அதைச் சுற்றிக் கழுத்துப்பட்டி போல நுண்விரல்கள், அதில் பாக்டீரியாக்களைப் பிடித்துத் தின்னும். கடற்பஞ்சுகளின் உட்புறத்தில் இதே தோற்றமுள்ள செல்கள் வரிசையாக இருப்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார்கள். 2008-இல் மோனோசிகா என்ற இனத்தின் மரபணுத் தொகுதி வெளியானபோது, விலங்குச் செல்களை ஒட்டவைக்கும் காதெரின் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் அதில் 23 இருந்தன. தனியாக வாழும் செல்லுக்கு ஒட்டும் மரபணுக்கள் எதற்கு? அனேகமாக இரையைப் பிடிக்கவோ பரப்பில் ஒட்டவோ பயன்பட்டிருக்கும்.

அதே குழுவில் சால்பிங்கோஈகா ரொசெட்டா என்ற இனம் சில நேரம் ரோஜா இதழ்கள் போன்ற கொத்தாகிறது. கூடவே வாழ்ந்த பாக்டீரியாக்களை அகற்றியபோது கொத்து தோன்றவில்லை. அல்கோரிஃபேகஸ் என்ற பாக்டீரியாவைச் சேர்த்ததும் திரும்பி வந்தது. அந்தப் பாக்டீரியா விடும் ஒரு கொழுப்பு மூலக்கூறுதான் சமிக்ஞை என்று நிக்கோல் கிங்கின் ஆய்வுக்குழு 2012-இல் காட்டியது. விலங்குகளின் தொடக்கத்திலும் பாக்டீரியாக்களுக்கு இப்படி ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வலுத்தது.

ஆக்சிஜன் கூடியதுதான் காரணமா?

ஒரு பகுதிக் காரணம். பெரிய, சுறுசுறுப்பான உடம்புக்கு ஆக்சிஜன் வேண்டும். விலங்குத் திசுக்களைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தை உறுதியாக்கவும் ஆக்சிஜன் தேவை. காற்றில் ஆக்சிஜன் முதலில் ஏறியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பிற்பாடு, விலங்குகள் பெருகிய காலத்தை ஒட்டி மறுபடி கூடியது.

ஆனால் ஆக்சிஜன் ஏறியது, உடனே உடம்பு வந்தது என்று நேர்க்கோடு போட முடியாது. இன்றைய அளவில் ஓரிரு சதவீத ஆக்சிஜனிலேயே ஒரு கடற்பஞ்சு உயிர்வாழ்வதை 2014-இல் காட்டினார்கள். மேலே சொன்ன ஈஸ்ட் சோதனையில் பிரமாண்டமாக வளர்ந்தவை ஆக்சிஜனைப் பயன்படுத்தாத கொத்துகள். ஆக்சிஜனைப் பயன்படுத்தியவை சின்னதாகவே நின்றுவிட்டன. காரணம், குறைவான ஆக்சிஜன் வெளிச்செல்களுக்கு மட்டும் எட்டும்போது, பெருப்பதைவிடச் சிறிதாக இருந்து எல்லாச் செல்லுக்கும் பங்கு கிடைப்பதே லாபம். கொஞ்சம் ஆக்சிஜன் பெரிய உடம்புக்குத் தடையாகவும் இருந்திருக்கக்கூடும் என்பது நான் படித்த முடிவுகளில் மிகவும் யோசிக்க வைத்த ஒன்று.

பாக்டீரியாக்கள் ஏன் மரமோ விலங்கோ ஆகவில்லை?

கூட்டு வாழ்க்கையில் அவை முன்னோடிகள். அனபீனா என்ற நீலப்பச்சை பாக்டீரியா சங்கிலியாக வளரும். ஏறத்தாழ பத்துச் செல்லுக்கு ஒன்று தடித்த சுவருள்ள தனிச் செல்லாக மாறி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். அந்த வேலைக்கான நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும். ஒளிச்சேர்க்கையோ ஆக்சிஜனை வெளியிடும். இரண்டையும் ஒரே செல்லில் வைக்க முடியாததால் பிரித்துக்கொண்டது.

அதற்கு மேல் போகவில்லை. உட்கரு உள்ள செல்களிடம் நெகிழும் உட்சட்டகம், மிகப் பெரிய மரபணுத் தொகுதி, மரபணுக்களை விதவிதமாக இயக்கும் ஏற்பாடுகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு காலத்தில் தனி பாக்டீரியாவாக இருந்து உள்ளே குடியேறிய மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு தந்த ஆற்றல்தான் இதையெல்லாம் சாத்தியமாக்கியது என்று உயிரியலாளர்கள் நிக் லேனும் வில்லியம் மார்ட்டினும் 2010-இல் வாதிட்டார்கள். கணக்கு அப்படி வரவில்லை என்று மறுப்பவர்களும் உண்டு. விவாதம் தொடர்கிறது.

பலசெல் வாழ்க்கை அவ்வளவு நல்லது என்றால் ஒற்றைச் செல் உயிர்கள் ஏன் இன்னும் இருக்கின்றன?

அவை தோற்கவில்லை. உலக உயிர்களில் உள்ள கார்பனின் எடையை 2018-இல் கணக்கிட்டபோது, பாக்டீரியாக்கள் சுமார் 7,000 கோடி டன், விலங்குகள் எல்லாம் சேர்ந்து சுமார் 200 கோடி டன். தனிச் செல் வேகமாகப் பெருகும், குறைந்த உணவில் பிழைக்கும், எந்த இடுக்கிலும் வாழும். உடம்பு கட்டுவதற்கு விலை அதிகம். பெருக நேரமாகும், சாகும் செல்களுக்காகவும் செலவு செய்ய வேண்டும், மோசடிக்குக் காவல் வைக்க வேண்டும். அந்த விலைக்கு ஏற்ற லாபம் கிடைத்த இடங்களில் மட்டுமே பலசெல் வாழ்வு நிலைத்தது.

உடம்பெடுத்த உயிர் திரும்பவும் ஒற்றைச் செல்லாக முடியுமா?

சில நேரம் முடியும். பலசெல் பூஞ்சைக் கிளையிலிருந்து வந்த ஈஸ்ட் அதற்கு உதாரணம். இன்னும் விசித்திரமானது நாய்களிடையே இணைசேரும்போது பரவும் ஒரு வகைப் புற்று. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே நாயின் செல்களில் தொடங்கி, இன்றுவரை நாய்விட்டு நாய் தாவி ஒட்டுண்ணி போல வாழ்கிறது.

ஆனால் பெரும்பாலான கிளைகள் திரும்புவதில்லை. கூட்டுக்கு நன்மை செய்யும் மாற்றங்கள் சேரச் சேர, அவற்றில் பல தனிச் செல்லுக்குக் கெடுதலாக அமைகின்றன. பின்னால் சுழலாதபடி கொக்கி மாட்டிய பல்சக்கரம் மாதிரி, ஒவ்வொரு படியும் திரும்பும் வழியை இன்னும் சிரமமாக்குகிறது. நம் ஈரல் செல் ஒன்றைக் குளத்தில் விட்டால் அது பிழைக்காது.

மிக்சோசோவா என்ற ஒட்டுண்ணிகள் இந்த வழியில் வெகுதூரம் பின்னால் போனவை. அவை ஜெல்லிமீன் கிளையைச் சேர்ந்த விலங்குகள். வாய், குடல், நரம்பு எல்லாவற்றையும் இழந்து மிகவும் சிறுத்துவிட்டதால் நெடுங்காலம் அவற்றை ஒற்றைச் செல் உயிர்களோடு சேர்த்தே வகைப்படுத்தியிருந்தார்கள். அவற்றில் சால்மன் மீனின் தசையில் வாழும் ஹென்னெகுயா என்ற ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதியையே தொலைத்துவிட்டது என்று 2020-இல் தெரியவந்தது. இவ்வளவையும் இழந்தும் அது முழுமையாகத் தனிச் செல் ஆகவில்லை. அதன் வித்து இன்றும் சில செல்கள் சேர்ந்தே உருவாகிறது.